ஏடிஹெச்டி மாத்திரையும் இதயமும்: யாருக்கு ஈசிஜி, யாருக்கு பிபி மட்டும் போதும்?

வைகை_வடகரை (இழை தொடங்கியவர்):

ஏடிஹெச்டிக்கு (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கிற கோளாறு) எழுதுற மெத்தில்ஃபெனிடேட் சீட்டு கைக்கு வந்ததும் வீட்டில் கிளம்புற முதல் கேள்வி, "இது ஹார்ட்டைப் பிடிக்குமாமே?" இதே கேள்வியோட குழுவில் இழை மேல இழையா வருது. பாதி யூடியூப் இணைப்போட நிக்குது, மீதி "எங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கு..."ன்னு போயிடுது. இங்கே இதைத் தொழிலாப் பார்க்கிறவங்க மட்டும் எழுதுங்க. சொந்தக் கதைக்கு வேற இழை இருக்கு, இங்கே போட்டா நகர்த்திடுவேன்.

தெரிய வேண்டியது: மாத்திரை இதயத்தில் என்ன செய்யுது? ஆரம்பிக்கும் முன் எல்லாப் பிள்ளைக்கும் ஈசிஜி வேணுமா? ஆரம்பிச்ச பிறகு எதை, எப்போ, எப்படி அளக்கணும்? நாற்பது தாண்டினவங்களுக்குக் கணக்கு மாறுமா?

தல்லாகுளம்_மருந்தியல்:

முதல் கேள்விக்கு வர்றேன். நரம்பு முனையில் இருந்து வெளியே வந்த டோபமின், நார்அட்ரினலின்ங்கிற ரெண்டு வேதிப்பொருளும் வேலை முடிஞ்சதும் திரும்ப உள்ளே உறிஞ்சப்படும். மெத்தில்ஃபெனிடேட் அந்த உறிஞ்சலைத் தடுக்குது, கவனம் கூடுது. ஆனா நார்அட்ரினலின் மூளையோட நிக்கிறதில்லை. இதயத்துக்குப் போற நரம்பிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் அதேதான் வேலை செய்யுது. அங்கேயும் கூடினா பல்ஸ் ஏறும், குழாய் கொஞ்சம் இறுகும், பிபி ஏறும்.

சராசரியா நிமிஷத்துக்கு 3 முதல் 6 துடிப்பு, பிபி 2 முதல் 4 மி.மீ. "ப்பூ, மாடிப்படி ஏறினாலே அதுக்கு மேல ஏறுமே"ன்னு விட்டுடக் கூடாது. பல பேருக்கு ஏறவே ஏறாது, சில பேருக்கு 15, 20 ஏறும். ரெண்டையும் கூட்டி வகுத்தா 4 வருது. அந்தச் சில பேர் யாருன்னு மாத்திரை போடும் முன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்தாத்தான் தெரியும்.

நெட்டில் வர்ற பயங்கரச் செய்தியில் நிறைய அடரால் மாதிரி ஆம்ஃபெட்டமின் மருந்தைப் பத்தினது. அது உறிஞ்சலைத் தடுக்கிறதோட, உள்ளே இருக்கிறதையும் வெளியே தள்ளும். நம்ம ஊர் மருந்துக்கடையில் அது கிடையாது. இங்கே ஏடிஹெச்டிக்கு எழுதுற ஊக்க மருந்து மெத்தில்ஃபெனிடேட்தான்.

பீதி கிளம்பின இடமும் அதுதான். 2005 பிப்ரவரியில் கனடா அரசு அடரால் எக்ஸ்ஆர் விற்பனையை நிறுத்திச்சு, ஆகஸ்டில் திரும்ப அனுமதிச்சது. 2006-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவோட ஒரு ஆலோசனைக் குழு, இந்த மருந்துகளுக்குக் கறுப்புக் கட்டம் போட்ட இதய எச்சரிக்கை வேணும்னு 8-க்கு 7 ஓட்டில் சொல்லிச்சு. அடுத்த மாசமே குழந்தைகள் நலக் குழு அது வேண்டாம்னுடுச்சு. முதல் ஓட்டு மட்டும் இன்னிக்கு வரைக்கும் வாட்ஸ்அப்பில் சுத்துது.

சிறுவர்_இதயம்:

மருந்தியல் சார் விட்ட இடத்தில் இருந்து. அந்தச் சண்டைக்கு அப்புறம் பெரிய கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. 2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. 2 முதல் 24 வயது வரை 12 லட்சம் பேருக்கு மேல். திடீர் இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்த்து மொத்தம் 81 நிகழ்வுகள். ஒரு லட்சம் பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்தால் 3 பேருக்குச் சற்று மேல். மாத்திரை எடுப்பவர்களிடம் இது கூடவில்லை. ஆனால் நிகழ்வே அபூர்வம் என்பதால், ஆபத்து இரண்டு மடங்கு வரை கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று அடித்துச் சொல்ல அந்தக் கணக்கால் முடியாது. லட்சத்துக்கு 3 என்பது இரட்டித்தாலும் 6 தான், அதையும் மறக்க வேண்டாம்.

இதெல்லாம் இதயம் நன்றாக இருக்கும் பிள்ளைகளுக்கு. ஏற்கனவே கோளாறு உள்ள இதயத்துக்கு வேறு கணக்கு. தென்கொரியாவில் மெத்தில்ஃபெனிடேட் எடுத்த பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் பிஎம்ஜே இதழில் வந்தது. மாத்திரை எடுத்த நாட்களில் இதயத் துடிப்பின் தாளம் தப்புவது, எடுக்காத நாட்களைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். பிறவி இதய நோய் உள்ள பிள்ளைகளிடம் மூன்றரை மடங்கு. ஆகவே ஆரம்பிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை, கோளாறு உள்ள அந்தச் சில இதயங்களைக் கண்டுபிடிப்பது.

மனநலம்_மதுரை:

அந்த வேலைக்கு ஈசிஜி மெஷின் தேவையில்லை, வாய் போதும் என்பது என் கட்சி.

2008-ல் அமெரிக்க இதய சங்கம் ஈசிஜி எடுக்கச் சொல்லிச்சு. குழந்தை மருத்துவர் சங்கம் எதிர்த்துச்சு. அப்புறம் "எடுப்பது நியாயமானது, கட்டாயமில்லை"ன்னு இதய சங்கமே விளக்கம் கொடுத்துச்சு. பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறை வகுக்கிற நைஸ் அமைப்போட வழிகாட்டியும், வரலாறும் பரிசோதனையும் சுத்தமா இருந்து, இதயத்தைத் தொடுற வேற மருந்து எடுக்காத பிள்ளைக்கு ஈசிஜி தேவையில்லைன்னுதான் சொல்லுது.

கேட்க வேண்டியது இதுதான். பிறவி இதய நோய் இருக்கா, இதய ஆபரேஷன் நடந்திருக்கா? ஓடும்போதோ, பயந்தாலோ, திடீர்ச் சத்தத்திலோ மயங்கி விழுந்திருக்கானா? கூட விளையாடுற பிள்ளைகளைவிட அதிகமா மூச்சு வாங்குதா? படபடப்பு சுவிட்ச் போட்ட மாதிரி சட்டுன்னு வந்து சட்டுன்னு நிக்குதா? ஓடும்போது நெஞ்சு வலிக்குதா? அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க யாராவது 40 வயசுக்குள்ள திடீர்னு போயிருக்காங்களா? அப்புறம் ஸ்டெத் வைச்சு முர்முர் (துடிப்புக்கு நடுவில் கேட்கிற கூடுதல் இரைச்சல்) இருக்கான்னு கேட்கணும். ஒரு 'ஆமா' வந்தாலும் மாத்திரை நிக்கும், இதய டாக்டர்கிட்ட போகும். எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னா ஆரம்பிக்கலாம்.

சிறுவர்_இதயம்:

கேள்விகள் சரி, மேடம். எங்கள் ஊர்க் குடும்பம் பதில் சொல்லும் விதம்தான் சிக்கல்.

"குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா?" என்றால் "இல்லை" என்று வரும். "தண்ணீரில் யாராவது போய்விட்டார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "சித்தப்பா கிணத்துல போயிட்டாரு" என்பார்கள். அவருக்கு நீச்சல் தெரியுமா என்று அடுத்துக் கேட்க வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்தவர் கிணற்றில் குதித்து மேலே வரவில்லை என்றால் அது லாங் க்யூடி (ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மின்சார ரீதியில் மீள அதிக நேரம் எடுக்கும் கோளாறு) ஆக இருக்கலாம், அதில் ஒரு வகை நீச்சலின்போதுதான் வெளிப்படும். இன்னொரு வகை சத்தத்தில் வெளிப்படும்: அலாரம், திருவிழா வேட்டு. கிராமத்தில் அதைக் காத்து கருப்பு அடித்தது என்பார்கள். மந்திரித்தார்களா என்று கேட்பதும் நல்ல கேள்விதான்.

அடுத்தது வலிப்பு. லாங் க்யூடியில் இதயம் சில நொடி தாளம் தப்பும்போது மூளைக்கு ரத்தம் போகாமல் கைகால் வெட்டும். பார்ப்பவருக்கு அது வலிப்புதான். வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு ஏடிஹெச்டியும் இருப்பது சகஜம், ஆகையால் அந்த வெட்டு எப்போது வந்தது என்று கேளுங்கள். தூக்கத்தில் வந்ததா, ஓடும்போது வந்ததா? ஓடும்போது என்றால் ஈசிஜி எடுக்காமல் ஊக்க மருந்தைத் தொடவே கூடாது.

மூன்றாவது, சொந்தத்தில் கட்டியது. அக்காள் மகளை, மாமன் மகளைக் கட்டிய குடும்பம் நம் பக்கம் நிறைய. பழுதான மரபணு இரண்டு பக்கமும் இருந்து வந்தால் மட்டும் வரும் நோய்கள் இங்கே கூடுதலாகத் தெரியும். ஜெர்வெல் லாங்கே நீல்சன் என்று ஒன்று: பிறவியிலேயே காது கேட்காது, கூடவே கடுமையான லாங் க்யூடி. காது கேளாத பிள்ளை, காதுக்குள் காக்ளியர் கருவி வைத்த பிள்ளை, துறுதுறுவென்று இருக்கிறான் என்று ஏடிஹெச்டி கணக்கில் வருவான். அவனுக்கு ஈசிஜி கட்டாயம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மனநலம்_மதுரை:

காது கேளாத பிள்ளைக்கும், ஓடும்போது வெட்டு வந்த பிள்ளைக்கும் எடுங்க, மறுக்கலை டாக்டர். சொந்தத்துல கட்டினவங்க பிள்ளை ஒவ்வொண்ணுக்கும் எடுத்தா நடக்கிறதைத்தான் தினம் பார்க்கிறோமே. மெஷின் தானே அடிக்கிற ரிப்போர்ட்டில் 'அப்நார்மல்'னு வரும். பெரியவங்க ஈசிஜி மட்டும் படிச்சுப் பழகினவர் பார்த்துட்டு, வி1 முதல் வி3 வரைக்கும் (நெஞ்சில் வைக்கிற முதல் மூணு ஒட்டு) டி அலை (ஈசிஜியில் துடிப்பின் கடைசி மேடு) தலைகீழா இருக்குன்னு எக்கோ (இதய ஸ்கேன்) எழுதுவார். எக்கோ வரிசையில் மாசம் போகும், அதுக்குள்ள வீட்டில் "இதயத்தில் ஏதோ இருக்காம்"ன்னு முடிவு கட்டி மாத்திரையைக் குப்பையில் போட்டிருப்பாங்க.

சிறுவர்_இதயம்:

சின்னப் பிள்ளைக்கு வி1 முதல் வி3 வரை டி அலை தலைகீழாக இருப்பது இயல்பு. அதற்கு எக்கோ எழுதுவது தாளைப் படித்தவர் குறை, ஈசிஜியின் குறை ஆகாது. பிள்ளையின் வயதை மேலே எழுதி அனுப்புங்கள், முடிந்தால் குழந்தை இதய மருத்துவரே படிக்கட்டும். நான் பார்ப்பது மூன்று: லாங் க்யூடியைக் காட்டும் க்யூடிசி இடைவெளியின் நீளம் (460 மில்லிவினாடியைத் தாண்டினால் நின்று யோசிப்பேன், 480-ஐத் தாண்டினால் மருந்து நிற்கும்), மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போகும் பிஆர் இடைவெளி குறுகி, மின்துடிப்பின் குறுக்கு வழியைக் காட்டும் டெல்டா அலை இருக்கிறதா, இடது கீழறை தடித்ததற்கான அடையாளம் உண்டா.

ஈசிஜியில் தெரியாததும் உண்டு. இதயத்துக்கே ரத்தம் தரும் கொரோனரி ரத்தக்குழாய் தப்பான இடத்தில் கிளம்பியிருந்தால் ஓய்வில் எடுத்த ஈசிஜி சுத்தமாக இருக்கும். ஓடும்போது நெஞ்சு வலி என்ற ஒரு வரிதான் அங்கே துப்பு. ஆகையால் உங்கள் கேள்விகளை நான் ஒதுக்கவில்லை, ஈசிஜி அவற்றுக்கு மாற்றும் இல்லை.

இதயத் தசை தடிப்பது பற்றி நம் ஊரைச் சேர்ந்த ஒரு விஷயம். தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்து விட்டுப்போயிருக்கிறது, இதயத் தசை நோயோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று 2009-இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கெடுத்த வேலை அது. அந்த மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வராது, வந்தாலும் பெரும்பாலும் நடுவயதுக்கு மேல். அதற்காகப் பிள்ளைக்கு மரபணுச் சோதனை கேட்டு ஓடாதீர்கள். தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ "இதயம் வீங்கியிருக்கு" என்று யாராவது சொல்லியிருந்தால் அதை வரலாற்றில் சேருங்கள், போதும்.

வைகை_வடகரை:

சின்ன வயசில் மூட்டு வீங்கி காய்ச்சல் வந்து, மூணு வாரத்துக்கு ஒருதரம் பென்சிலின் ஊசி போடுற பிள்ளைங்க? ஓட்டை அடைச்ச பிள்ளைங்க?

சிறுவர்_இதயம்:

ஊசி போடும் பிள்ளைக்கு ருமாட்டிக் காய்ச்சல், வால்வு பாதிப்பு இருக்கலாம். எக்கோ பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது. மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் பல்ஸ் ஏறுவதே ஆபத்து, இதயம் நிரம்ப நேரம் கிடைக்காமல் நுரையீரலில் நீர் கோர்க்கும். ஓட்டை அடைத்து, எக்கோ சுத்தமாக இருந்து, தாளக் கோளாறு இல்லாத பிள்ளைக்குப் பெரும்பாலும் கொடுக்கலாம், ஆனால் அடைத்தவரிடமே எழுதி வாங்குங்கள். கவாசாகி நோய் (சின்ன வயதில் ரத்தக்குழாய்களைத் தாக்கும் காய்ச்சல்) வந்த பிள்ளைக்கு கொரோனரி வீக்கம் இருந்ததா என்று பழைய எக்கோவைத் தேடுங்கள்.

செவிலி_உசிலை:

மூணாவது கேள்வி என்னோடது. பிபி எடுக்கிறதுல நடக்கிற கூத்தைப் பத்தி எழுதலைன்னா இந்த இழை பாதிதான்.

நிறைய இடத்துல ஒரே பட்டைதான் தொங்குது, பெரியவங்க பட்டை. ஒல்லிப் பையன் கையில அதைச் சுத்துனா உள்ள இருக்குற பிபியை விடக் குறைச்சுக் காட்டும். குண்டுப் பிள்ளைக்குச் சின்னப் பட்டை போட்டா கூட்டிக் காட்டும். பட்டைக்குள்ள இருக்குற காத்துப் பையோட அகலம் கைச் சுற்றளவுல 40 சதவீதம், நீளம் 80-லருந்து 100 சதவீதம் இருக்கணும். வீட்டு மெஷின் வாங்குறவங்க டப்பாவுல போட்டிருக்கிற அளவைப் பாருங்க. கூட வர்ற பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. கைக்கு. மூணாப்பு நாலாப்புப் பிள்ளைக்கு 17 முதல் 22 பட்டையைத் தனியா வாங்கணும். டேப் வைச்சு தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல அளந்துட்டு கடைக்குப் போங்க.

வலது கை. அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும், முதுகு சாஞ்சு, கால் தரையில, காலு மேல காலு போடக் கூடாது. கை நெஞ்சு மட்டத்துல, சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கக் கூடாது. ஏடிஹெச்டி பிள்ளை அஞ்சு நிமிஷம் எப்படி உக்காரும்னு கேப்பீக. கையில போனக் குடுக்காம ஒரு படப் புத்தகத்தைக் குடுங்க. முதல் அளவு ஏறி இருந்தா இன்னும் ரெண்டு எடுத்து அந்த ரெண்டோட சராசரியை எழுதணும். மெஷின் கூட்டிக் காட்டுனா ஸ்டெத் வைச்சுக் கையால எடுத்து உறுதி பண்ணணும்.

புதுப் பிள்ளை வந்தா தொடை இடுக்குல நாடி பாருங்க. கையில துள்ளி, அங்க தொங்கிப்போய் இருந்தா மகாதமனி சுருக்கமா இருக்கலாம்.

தல்லாகுளம்_மருந்தியல்:

செவிலி அக்கா சொன்னதோட நேரத்தையும் சேர்க்கணும். சாதாரண மெத்தில்ஃபெனிடேட் 10 மி.கி. காலை 8 மணிக்குப் போட்டா ரெண்டு மணி நேரத்தில் உச்சம், 12 மணிக்குள்ள இறங்கிடும். சாயங்காலம் 6 மணி கிளினிக்கில் எடுத்த பிபி, மாத்திரை இல்லாத பிபி. நார்மலாத்தான் இருக்கும். நோட்டில் "காலை 8.00 மாத்திரை, 9.45 பிபி 108/68, பல்ஸ் 92"ன்னு நேரத்தோட எழுதுங்க. லாங் ஆக்டிங் வகைக்கு உச்சம் இன்னும் தள்ளி, ஆறு மணி நேரத்துக்கு மேல போகும். பள்ளி விட்டு வந்ததும் ஒரு அளவு எடுக்கலாம்.

அட்டவணை: ஆரம்பிக்கும் முன் ஒண்ணு, டோஸ் ஏத்துற ஒவ்வொரு தடவைக்கும் ஒண்ணு, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒண்ணு. கூடவே உயரம், எடை. பசி குறைஞ்சு எடை இறங்கிட்டா அதே 10 மி.கி. அந்த உடம்புக்குப் பெரிய டோஸ் ஆயிடும்.

பள்ளிப் பிள்ளைக்கு வழக்கமா 5 மி.கி. காலை, மதியம்னு தொடங்கி, வாரத்துக்கு 5 முதல் 10 மி.கி. வரை ஏத்துவாங்க. ஒரு நாளைக்கு 60 மேல்வரம்பு. பல்ஸ் எகிறுற கேஸில் பாதி, இந்த ஏணியைத் தாண்டிக் குதிச்சதால வருது.

மனநலம்_மதுரை:

நிறுத்து எல்லை: ஓய்வில் பல்ஸ் 120-க்கு மேல், தாளம் தப்புறது, மேல் பிபி அந்த வயசு உயரத்துக்கு 95-ஆவது சதமானத்துக்கு மேல (அதே வயசு, உயரம் உள்ள 100 பிள்ளைங்களில் 95 பேரோட பிபியைவிடக் கூட; இதுக்குப் பட்டியல் இருக்கு) ரெண்டு தடவை. டோஸைக் குறைச்சு இதய டாக்டருக்கோ குழந்தை டாக்டருக்கோ அனுப்பணும். 13 வயசுக்கு மேல பட்டியல் வேண்டாம், 130/80 தாண்டினா உயர் ரத்த அழுத்தம்.

பல்ஸ் 120-ன்னு மாத்திரை மேல பழி போடும் முன் பிள்ளையோட கண் இமையை இழுத்துப் பாருங்க. ரத்தசோகைக்கும் பல்ஸ் ஏறும், நம்ம பக்கம் வயசுக்கு வந்த பெண் பிள்ளைங்ககிட்ட இது நிறைய. தைராய்டு ஏறியிருந்தாலும் அப்படித்தான், அது இருக்கும்போது இந்த மாத்திரையே கூடாது. காய்ச்சலில் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 10 துடிப்பு கூடும்.

மருந்துப்பெட்டி:

கவுன்டர் பக்கத்துல இருந்து எழுதுறேன். மாத்திரை தனியாச் செய்யிற கெடுதலைவிட, கூட்டாளியோட செய்யிற கெடுதல்தான் அதிகம். சளி மாத்திரைன்னு கேட்டு வாங்குறதுல பாதிக்கு மேல ஃபினைல்எஃப்ரின் இருக்கும், மூக்கடைப்பை எடுக்க ரத்தக்குழாயை இறுக்குற மருந்து. மெத்தில்ஃபெனிடேட்டும் அதே பக்கம் இழுக்கும். சளிக்கு வாங்கும்போது "பையன் இந்த மாத்திரை சாப்பிடுறான்"ன்னு சொல்லுங்க, வெறும் பாராசிட்டமாலும் உப்புத் தண்ணி மூக்குச் சொட்டும் குடுப்போம். ஆஸ்துமாவுக்கு சால்புடமால் இழுக்கிற பிள்ளைக்கும் பல்ஸ் கூடும். அதுக்காக பம்ப்பை நிறுத்திடாதீங்க, மூச்சுதான் முக்கியம். டாக்டர்கிட்ட ரெண்டையும் காட்டுங்க.

படுக்கையில சிறுநீர் போறதுக்கு இமிப்ரமின் எழுதுன பழைய சீட்டு நிறைய வரும். மெத்தில்ஃபெனிடேட் சேர்ந்தா இமிப்ரமின் ரத்தத்துல கூடும், அது தாளத்தைக் கெடுக்கிற மருந்து. இந்த ஜோடிக்கு ஈசிஜி இல்லாம நான் குடுக்கவே யோசிப்பேன். பெரியாஸ்பத்திரில லினிசோலிட் (கிருமிக்கொல்லி) போட்டு அனுப்பின கேஸும் அப்படித்தான், அது நார்அட்ரினலினைச் சிதைக்கிற எம்ஏஓ நொதியைத் தடுக்கும், பிபி எகிறும். நேரடி எம்ஏஓ தடுப்பு மாத்திரைன்னா நிறுத்தி 14 நாள் கழிச்சுத்தான் இதை ஆரம்பிக்கணும்.

எனர்ஜி டிரிங்க் 250 மி.லி. டப்பாவுல 75 மி.கி. காஃபின். காலையில மாத்திரை, வெறும் வயிறு, பத்து மணிக்கு ஒரு டப்பா, மேல சித்திரை வெயில்ல கிரிக்கெட். தண்ணி குறைஞ்சாலே பல்ஸ் ஏறும். நாலும் ஒண்ணாச் சேர்ந்து "நெஞ்சு படபடன்னு அடிக்குது"ன்னு வந்து நிப்பாங்க.

சட்டம்: மெத்தில்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ், அதாவது கடும் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியல்ல இருக்கு. டாக்டர் சீட்டை ரெண்டு பிரதியா எழுதணும், ஒண்ணை நாங்க ரெண்டு வருசம் வைச்சிருக்கணும். மாத்திரை பூட்டுக்குள்ள இருக்கும். தனி லைசென்ஸ் உள்ள கடையிலதான் கிடைக்கும், அதனால பேரையூர், உசிலம்பட்டில இருந்து டவுனுக்கு வர வேண்டியிருக்கு. ஜெராக்ஸ் நீட்டிக் கோவிச்சுக்காதீங்க. இதயத்தோட இதுக்கு என்ன சம்பந்தம்னா, மாத்திரை தீர்ந்து ரெண்டு மூணு வாரம் இடைவெளி விழுந்துரும், திரும்ப வாங்கினதும் பழைய முழு டோஸ்ல குதிப்பாங்க. இடைவெளி நீண்டுட்டா டாக்டருக்கு ஒரு போன் போட்டு எதுல தொடங்கணும்னு கேளுங்க. விட்டதைப் பிடிக்க ரெண்டா முழுங்கவே கூடாது.

லாங் ஆக்டிங் மாத்திரையைப் பாதியா உடைக்காதீங்க, பொடிக்காதீங்க. பத்து மணி நேரத்துக்குப் பிரிச்சு விட வேண்டியது ஒரு மணி நேரத்துல ரத்தத்துல இறங்கும். சில வகையோட ஓடு அப்படியே மலத்துல வரும், மருந்து சேரலைன்னு பயப்படாதீங்க, அது வெறும் கூடு.

சிறப்பாசிரியை_திருமங்கலம்:

பள்ளி சார்பில் இரண்டு கேள்விகள். மதிய மாத்திரையை நாங்கள் கொடுக்கிறோம், அடுத்த பீரியட் பி.டி. மாத்திரை போட்ட பிள்ளையை ஓட விடலாமா? இன்னொன்று: மருந்து மாற்றிவிட்டார்கள், இது ஊக்க மருந்து இல்லை, இதயத்துக்குப் பயமில்லை என்று சில பெற்றோர் அட்டோமாக்செட்டின் காட்டுகிறார்கள். அது சரியா?

சிறுவர்_இதயம்:

ஓடட்டும் டீச்சர். வரலாறு சுத்தமான பிள்ளைக்கு விளையாட்டில் தடை எதுவும் இல்லை, தண்ணீர் மட்டும் குடித்திருக்க வேண்டும். உங்களிடம் எதிர்பார்ப்பது ஒன்றே: ஓடிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து விழும் பிள்ளையை "வெயில் மயக்கம்" என்று நிழலில் படுக்க வைத்து அனுப்பிவிடாதீர்கள். அசெம்பிளியில் நின்று நின்று கண் இருண்டு சரிவது வேறு, ஓட்டத்தின் நடுவில் விழுவது வேறு. இரண்டாவது என்றால் மூச்சைப் பாருங்கள். மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கி 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். மூச்சு இருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் அன்றே மருத்துவமனை, மறுநாள் மாத்திரை இல்லை.

மனநலம்_மதுரை:

அட்டோமாக்செட்டின் ஊக்க மருந்து இல்லைங்கிறது சரி, ஷெட்யூல் எக்ஸிலும் இல்லை. இதயத்துக்குப் பயமில்லைங்கிறது தப்பு. அதுவும் நார்அட்ரினலினைத்தான் கூட்டுது, பல்ஸும் பிபியும் ஏறும், அதுவும் நாள் முழுக்க. சிலருக்கு உடம்பில் அதைக் கரைக்கிற நொதி பிறவியிலேயே மந்தம், ரத்தத்தில் பல மடங்கு தேங்கும். ஃபுளுவோக்செட்டினோ பராக்செட்டினோ சேர்ந்தா நல்ல நொதியும் மந்தமாயிடும். அதனால 70 கிலோவுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு கிலோவுக்கு 0.5 மி.கி.-ல் தொடங்கி 1.2 வரைக்கும்தான் மெதுவா ஏத்துவாங்க. அளக்கிற அட்டவணை ரெண்டுக்கும் ஒண்ணேதான்.

ஏடிஹெச்டிக்கு எழுதுற இன்னொரு மருந்து குளோனிடின், அது எதிர்ப்பக்கம். பிபி இறங்கும், பல்ஸ் மந்தமாகும், தூக்கம் வரும். அதைத் திடீர்னு நிறுத்தினா பிபி எகிறி அடிக்கும். மெத்தில்ஃபெனிடேட்டை வாந்தி பேதி நாளில் ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆகாது, குளோனிடினை அப்படி விடக் கூடாது. ரெண்டும் சாப்பிடுற பிள்ளை வீட்டில் இதைக் காலண்டர் பக்கத்தில் பெரிசா எழுதி ஒட்டுங்க.

வைகை_வடகரை:

பெரியவங்க கணக்கு?

தல்லாகுளம்_மருந்தியல்:

அண்ணே, அங்கேதான் நிஜமான கவலை. பிள்ளைங்க இதயம் பெரும்பாலும் புதுசு. 45 வயசில் ஏடிஹெச்டின்னு கண்டுபிடிக்கிறவருக்கு சுகர் இருக்கும், பிபி இருக்கும், ரெண்டும் இருக்கிறது தெரியாமலும் இருக்கும்.

ஸ்வீடன் பதிவேட்டில் 6 முதல் 64 வயசு வரை 2,78,027 பேரை 14 வருஷம் வரைக்கும் பின்தொடர்ந்த ஆய்வு 2024-ல் ஜாமா சைக்கியாட்ரியில் வந்துச்சு. ஏடிஹெச்டி மருந்து எடுக்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் இதய ரத்தநாள நோய் ஆபத்து சராசரியா 4 சதவீதம் கூடுது, முதல் மூணு வருஷத்தில் ஏத்தம் அதிகம். ஆனா உள்ளே பிரிச்சுப் பாருங்க: கூடுறது உயர் ரத்த அழுத்தமும் தமனி நோயும். அஞ்சு வருஷத்துக்கு மேல எடுத்தவங்களுக்கு பிபி வர்ற வாய்ப்பு 1.8 மடங்கு. தாளக் கோளாறு, இதயச் செயலிழப்பு, பக்கவாதத்தில் தெளிவான ஏத்தம் இல்லை. பிபி அளக்கக் கூடியது, மருந்து போட்டு இறக்கக் கூடியது. அளக்காம விட்டவனுக்குத்தான் அது சாபம்.

66-க்கு மேல இன்னும் கவனம். கனடாவின் ஒன்டாரியோவில் வயசானவங்ககிட்ட செஞ்ச ஆய்வு 2021-ல் வந்துச்சு. ஊக்க மருந்து தொடங்கின முதல் 30 நாளில் இதய நிகழ்வு 40 சதவீதம் கூடுதல். 180 நாளில் பார்த்தா அந்த வித்தியாசம் மறைஞ்சிடுது. ஆகவே முதல் மாசம்தான் கண்ணி.

மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைச்சவர், இதயம் பலவீனமானவர், கட்டுக்குள் வராத பிபி உள்ளவருக்கு இது கூடாது. பிபி 150-ல் நிக்கிறவருக்கு முதல்ல பிபி மாத்திரை, அது 130 பக்கம் வந்து நிலைச்ச பிறகு இது. நாற்பதைத் தாண்டினவங்களுக்கு ஈசிஜி எடுக்கலாமா வேண்டாமான்னு விவாதம் வேண்டாம், எடுங்க.

மருந்துப்பெட்டி:

டிஎன்பிஎஸ்சி, நீட் படிக்கிற பசங்க கேக்குறது மோடஃபினில். ராத்திரி முழிக்க. அதுவும் பல்ஸையும் பிபியையும் ஏத்தும். மைட்ரல் வால்வு தொங்கி, முன்ன ஊக்க மருந்துல நெஞ்சு வலி வந்தவங்களுக்கு வேண்டாம்னு லேபிள்லயே இருக்கு. தோல் உரியிற அலர்ஜி வேற. சீட்டு இல்லாம கேக்காதீங்க தம்பிகளா, குடுக்க மாட்டோம். அண்ணன் அமெரிக்காவுல இருந்து கொண்டுவந்த அடராலை அரை மாத்திரை போடுறதும் இதே கதைதான், கூட போதைப்பொருள் சட்டமும் வரும். ஜிம் பவுடர்ல காஃபின் எவ்வளவுன்னு டப்பாவுல படிங்க. சில பவுடர்ல ஒரு கரண்டிக்கே 200, 300 மி.கி. இருக்கு.

சிறப்பாசிரியை_திருமங்கலம்:

கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் கொடைக்கானல் சுற்றுலா. போன தடவை இந்த மாத்திரை எடுக்கும் ஒரு பையனுக்கு அங்கே விரல் நுனி வெளுத்து, அப்புறம் நீலமாகி, அறைக்குள் வந்ததும் சிவந்தது. இதயமா?

சிறுவர்_இதயம்:

இதயம் இல்லை, விரல் நுனியில் உள்ள சின்ன ரத்தக்குழாய்களின் வேலை. ரேனாட் என்பார்கள். மாத்திரை விரல் நுனிக் குழாயை இறுக்குகிறது, குளிர் இன்னும் இறுக்குகிறது. கையுறை, காலுறை போட்டுப் போகட்டும், தடித்த கம்பளி நூலில். வெளுப்பதும் நீலமாவதும் சூட்டில் சரியாகிவிட்டால் ஊர் திரும்பி டாக்டரிடம் சொன்னால் போதும், டோஸைக் குறைத்தாலே பெரும்பாலும் சரியாகும். விரல் நுனியில் புண் வந்தாலோ, சூட்டிலும் நிறம் திரும்பாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். மலையில் இருந்தே கூப்பிடச் சொல்லுங்கள். மாத்திரை டப்பாவையும் சீட்டின் நகலையும் பொறுப்பாசிரியர் கையில் வைத்திருங்கள். அங்கே யாராவது மயக்க மருந்து கொடுத்துச் சின்ன ஆபரேஷனோ கட்டோ போட வேண்டி வந்தால், அன்று காலை மாத்திரை போட்டதை முதலில் சொல்ல வேண்டும்.

செவிலி_உசிலை:

டீச்சர், கூடவே அந்தச் சின்னப் பட்டையையும் எடுத்துட்டுப் போங்க. கொடைக்கானல்ல தேடுனாலும் கிடைக்காது.